முதலில் ஏறுகிற பெண்

என்னைத் தர்மவான் என்று இதுவரை ஒரே ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். பென்னலூரில் ஒரு பெண்கள் விடுதியின் வாசலில், மகளின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை எண்ணினேன். ஐந்து. ஆறாவது பாதி கிழிந்திருந்தது. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது.

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி மாதிரி. முப்பத்து நான்கு வருடம் தானியக் கிடங்கில் மூட்டை எண்ணியவன். ஓய்வு பெற்றுப் படப்பையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. மொட்டை மாடியில் நின்று ஒரகடம் போகிற கம்பெனி பஸ்களை எண்ணுவேன். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேரை அடைத்திருக்கிறான் என்று எண்ணி, டிரைவரிடம் பேச்சு வாங்குவேன். நான் இட்லி எண்ணிச் சாப்பிடுவதைப் பற்றி என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் சொற்பொழிவு என்று போனேன். பேசியவர் தர்மத்தைப் பற்றிப் பேசினார். தர்மம் என்றால் பிச்சை போடுவது அல்ல, ஒவ்வொருவருக்கும் இயல்பாக அமைந்த காரியம் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் செய்துவிட்டால் பிறந்த பயன் கிடைத்துவிடும் என்றார். கூலி இல்லாவிட்டாலும் எதைச் செய்துகொண்டிருப்பீர்களோ அதுதான் உங்களுடையது என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தொரு வயதில் என் ஜாதகத்தை யாரோ படித்துக் காட்டியது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"கூலி இல்லாம நீங்க செய்யறது எண்ணறதும் குறட்டை விடறதும்தான்" என்றாள்.

அடுத்த மாதமே வேலை தேடி வந்தது. தொழிற்சாலைப் பெண்களுக்குப் பென்னலூரில் விடுதி நடத்துகிறவர் ஒருவர், பெண்கள் விஷயம் என்பதால் வயதான ஆளாக வேண்டும் என்று எங்கள் தெருக்காரரிடம் கேட்டிருக்கிறார். ஒரகடத்துக்குப் போகிற விடுதி பஸ்ஸில் காலையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஷிப்ட் முடிந்து எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எண்ண வேண்டும். குறைந்தால் வார்டனிடம் சொல்ல வேண்டும். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

எங்கள் வீட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்தது இரண்டு. கிடங்கிலும் நான் அப்படித்தான் எண்ணினேன். முதல் நாள் காலை முதலில் ஏறிய பெண்ணைப் பார்த்து வாய் தானாக "லாபம்" என்றது. பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் செய்யாறு பக்கத்துப் பெண். ஒல்லியாக இருப்பாள். ஜன்னலோரத்தில் தூங்குவதற்காகத் தினமும் முதல் ஆளாக ஏறுவாள். அன்றிலிருந்து அவள் பெயரே அதுவாகிவிட்டது. "ஏ லாபம், எனக்கும் ஒரு சீட்டு புடிடி" என்று கீழே இருந்து கத்துவார்கள்.

"ஆளுங்கள எண்ணக்கூடாது தாத்தா, கண்ணு பட்டுடும்" என்பாள் ஒருத்தி.

"பெர்சு, நீ எண்ணிக்கினே இரு, அங்க கம்பெனில லைன் ஓடிப் பூடும்" என்பார் டிரைவர்.

நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு போகும், நாற்பத்திரண்டு வரும். நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் மதியம் ஷிப்ட் விட்டதும் அவள் பஸ்ஸில் ஏறாமல் என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இன்னிக்கு ஒருநாள் நான் ஏறிட்டதா எண்ணிக்கோங்க. ஆறு மணிக்குள்ள ஹாஸ்டல்ல இருப்பேன்."

"எங்க போற?"

"இங்கதான். படப்பை."

"வார்டன் அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா ஊருக்குப் போன் போடுவாங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவள் தோள்பையிலிருந்து பச்சைப் பூண்டு வாடை அடித்தது. அது மூக்கோடு நின்றுவிட்டது, மண்டைக்குப் போகவில்லை.

"முப்பத்து நாலு வருஷத்துல ஒரு மூட்டை கூட நான் மாத்திச் சொன்னதில்லம்மா."

"நான் மூட்டையா தாத்தா?" என்று சிரித்தாள். பிறகு, "சொல்ல மாட்டீங்கதானே?" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். சம்மதமா இல்லையா என்று அப்போதே சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். அந்த மரியாதையைக்கூட நான் செய்யவில்லை.

பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பென்னலூரில் இறங்கும்போது ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"எல்லாரும் வந்தாச்சா சார்?" என்றார் வார்டன்.

"நாற்பத்தொன்று" என்றேன்.

சொல்லும்போது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இருந்தது. எவ்வளவு கஷ்டமான இடத்திலும் எண்ணிக்கை மாற்றிச் சொல்லாதவன் என்கிற குளிர்ச்சி. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுவது அதற்குத்தான். வார்டனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் காணவில்லை என்றால் அவர் வேறு என்ன செய்வார்? ஊருக்குப் போன் போட்டார். ஆறு மணிக்குக் கால் மணி முன்னதாகவே அவள் வந்துவிட்டாள். அப்பா லைனில் காத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் நேரில் வந்தார். அந்த வாசலில்தான் எனக்கு முழுசும் தெரிந்தது.

"அக்காவுக்குக் கொழந்த பொறந்துகீது. நம்ம வூட்லேந்து ஒருத்தரும் போவல. நான் போனேன். அதுல இன்னா தப்பு?" என்றாள் அவள்.

"அக்கான்னு நமக்கு யாரும் இல்ல" என்றார் அவர்.

அக்கா இதே ஒரகடத்தில் வேலை பார்த்தபோது ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். சின்னவளையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் எண்ணி எண்ணி அனுப்புகிற விடுதியாகத் தேடிச் சேர்த்திருக்கிறார். வேலை போதும், ஊரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார். பிறகுதான் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மாதிரி தர்மவானுங்க நாலு பேரு இருக்கறதாலதான் ஐயா பொண்ணுங்கள வெளிய அனுப்ப முடியுது. எப்பனா இந்தப் பக்கம் வந்தா வாங்க" என்று தன் நம்பரை என் போனில் அவரே பதிந்து கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் முதலில் ஏற யாரும் வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளினார்கள். "தாத்தா, இனிமே ரெண்டுலேருந்தே ஆரம்பிங்க" என்றாள், கண்ணு படும் என்று சொன்னவள்.

மனைவியிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அவள் கேட்ட முதல் கேள்வி, "பையில பூண்டு வாடை அடிச்சுதுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"பையில பூண்ட வெச்சுக்கிட்டு எவளாவது ஊர் சுத்தப் போவாளா? பிள்ளை பெத்தவளப் பாக்கத்தான் போவா. இது தெரியல, தர்மம் தெரிஞ்சுதாக்கும்."

அன்றே ஒரு கிலோ பூண்டு வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம். நான் பற்களை எண்ணுவதைப் பார்த்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வருகிற பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி அக்காவின் விலாசம் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

"நீங்க யாரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்கிற பார்வை.

"உன் தங்கச்சி போற பஸ்ஸில எண்ணுறவன்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "லாபம் தாத்தாவா! உள்ள வாங்க, உள்ள வாங்க. அன்னிக்கு உங்களப் பத்தியே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தா. ஏன் அப்புறம் வரவே இல்ல அவ? போனும் ஆஃப்ல கீது. ஓ.டி போட்டுட்டாங்களா?"

அவளுக்கு எதுவும் தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன். நாற்பத்தொன்று என்று சொன்னது வரை, அப்பா என் கைகளைப் பிடித்துத் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தது வரை சொன்னேன். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்ககிட்ட கேட்டாளா, ஒருநாள்னு?"

"கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

மனைவி பூண்டுப் பையை எடுத்துக்கொண்டு அடுப்பு இருந்த மூலைக்குப் போய்விட்டாள். அக்கா குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். பிறகு, "எங்கப்பா நம்பர் உங்ககிட்ட கீதுன்னீங்களே. பேசுங்க. நான் பண்ணா எடுக்க மாட்டாரு. உங்களத்தான் நல்லவர்னு நெனச்சிக்கினு இருக்காரே" என்றாள்.

எனக்கு உரிமை இல்லாத ஒரு நல்ல பெயர் அவரிடம் இருந்தது. அதை வைத்துத்தான் பேச வேண்டும், பேசினால் அதுவும் போய்விடும். போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"ஐயா! சொல்லுங்க ஐயா, நல்லா இருக்கீங்களா?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது.

"வூட்ல கொழந்தையா? பேரப் புள்ளையா ஐயா?"

"உங்க பேரன்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. இங்கே குழந்தையும் நிறுத்தவில்லை. அக்கா அதைத் தட்டிக்கொடுக்காமல் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உரித்த பூண்டு எண்ணெயில் வதங்குகிற வாசனை அறையெல்லாம் வந்தது.

கடைசியில் அவர் கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"பத்தியம்லாம் யாரு பாக்கறாங்க?"

என் மனைவி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை, அந்த நிமிடத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"யாரும் இல்லைங்க. பாக்க வந்தவளத்தான் நான் புடிச்சு உங்ககிட்ட குடுத்துட்டேன்" என்றேன்.