டிக்கெட் இல்லாமல் ஏறிய பேட்டரி

"எல்லாம் தலையெழுத்துங்க" என்று பின்சீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் போதும், குருநாதனின் விரல் டிக்கெட் மெஷினின் மேல் அப்படியே நின்றுவிடும். கம்பியில் தொங்கும் கைகளையும் காலடியில் கிடக்கும் வெங்காயச் சாக்குகளையும் தாண்டி அந்த ஆளிடம் போய் நிற்பார்.

"எங்க, தலைய இப்பிடித் திருப்புங்க. எந்தப் பக்கம் எழுதியிருக்கு? யாரு கையெழுத்து?"

பஸ் சிரிக்கும். மாட்டிக்கொண்டவரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார்.

"வெங்காயத்துல நோவு வந்துச்சு, வெலை கெடைக்கல, நடுவுல ஒருத்தன் அடிச்சுட்டுப் போயிட்டான். அப்பிடிச் சொல்லுங்க, கேக்குறேன். எழுத்து கிழுத்துன்னீங்கன்னா அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடுங்க."

இதுவரை யாரையும் இறக்கிவிட்டதில்லை. பெரம்பலூரிலிருந்து ரஞ்சன்குடிப் பக்கம் போகும் அந்த டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இது பழகிப்போன கூத்து. சிலர் அவர் வாயைக் கிளறுவதற்காகவே தலையெழுத்தை இழுப்பார்கள்.

ஐம்பதைத் தொடும் வயது. காக்கிச் சட்டைப் பையில் விசிலோடு ஒரு நூலகப் புத்தகமும் பிதுங்கிக்கொண்டிருக்கும். பஸ் திரும்பும் இடத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினால் இவர் பக்கத்தைப் பிரிப்பார். எதிரே யார் உட்கார்ந்தாலும் படித்ததை ஒப்பித்துவிடுவார். அவருடைய கொள்கை முழுவதும் அவரே சொல்லிக்கொள்ளும் இரண்டு வரிகளில் அடங்கும். "டிக்கெட் இல்லாம பஸ்ஸுல ஏத்த மாட்டேன். ஆதாரம் இல்லாம மண்டையில ஏத்த மாட்டேன்."

ஓய்வு நாள்களில் ஊர் ஊராகப் போய் மந்திரமா தந்திரமா நிகழ்ச்சி நடத்துவார். ஒரு மடக்கு மேசை, ஒரு டிரங்குப் பெட்டி. எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் வரவழைப்பார், வெறுங்கையிலிருந்து விபூதி கொட்டுவார், எரியும் கற்பூரத்தை நாக்கில் வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும், சூட்சுமத்தைச் சொல்வதற்கு முன்னால், "நம்புனவங்க கையத் தூக்குங்க" என்பார். ஆட்கள் நெளிவார்கள். "அட, தூக்குங்க. நம்புனதுல வெக்கமில்ல. தூக்காம ஒளிச்சுக்கிறீங்க பாருங்க, அதுதான் வெக்கம்." கைகள் ஒவ்வொன்றாக எழும். அதன் பிறகே முடிச்சை அவிழ்ப்பார்.

நிகழ்ச்சியை ராகு காலத்தில்தான் தொடங்குவார். இதற்காகக் காலண்டரை அவர் பார்க்கிற அளவுக்குப் பஞ்சாங்கக்காரர்கள்கூடப் பார்ப்பதில்லை. "தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் ராகு காலம் எப்பன்னு உங்கள்ட்டதான் கேக்குறாளுங்க" என்று மனைவி சசிகலா சிரிப்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குருநாதனுக்குக் காது மந்தமாகிவிடும்.

பெட்டியில் ஒரு லேப்டாப்பும் உண்டு. மகள் பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவள் வேலைக்குப் போனபின் அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனாள். சாமியார்கள் கை அசைவதை மெதுவாக ஓட்டிக் காட்டும் படங்களெல்லாம் அதில் இருந்தன. ஆனால் பேட்டரி செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி திரை கறுத்துவிடும்.

ஒரு தடவை ஒரு காலனியில் நிகழ்ச்சி. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் அங்கே மின்சாரம் வலுவிழந்து மஞ்சளாக மினுங்கியது. லேப்டாப் ஏற்கவில்லை. எதிர்ப்பக்கம் ஊர்த்தெரு முனைவீட்டில் டியூப் லைட் வெள்ளையாக எரிந்தது. போய்க் கேட்டார். வீட்டுக்காரர் மரியாதையாகவே பேசினார். "உங்களுக்குக் குடுக்குறதுக்கு என்னங்க? ஒயரு அந்தப் பக்கம் போகட்டும். அதப் புடிச்சுக்கிட்டு அந்தாளுங்க இந்தப் பக்கம் வரக்கூடாது, அவ்ளதான்."

குருநாதன் ஒயரைச் சுருட்டிக்கொண்டார். படம் இல்லாமலே அன்றைக்கு நிகழ்ச்சி நடந்தது. கம்பிக்குள் ஓடும் மின்சாரத்துக்குக்கூடத் தெரு பார்க்கிற நாட்டில், எவன் வாசலிலும் போய் நிற்காமல் படம் காட்டியே தீருவதென்று அன்று முடிவு செய்தார். பெரம்பலூர் முழுக்கப் புதுப் பேட்டரிக்கு அலைந்தார். "அந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லைங்க" என்று எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள்.

கடைசியில் செல்போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. ரப்பர் கையுறை போட்ட ஒரு இளைஞன், செத்த பேட்டரியைத் துணியில் சுற்றி ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னான்.

மறுநாள் காலை ஐஸ்பெட்டியைத் திறந்த சசிகலா கத்தினார். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பழைய வேட்டித் துணி சுற்றி, பாலித்தீன் பை போட்டு, நூல் கட்டிய ஒரு மூட்டை.

"என்னங்க இது? செய்வெனைக்குத்தான் இப்பிடித் துணி சுத்தி நூலு கட்டி வைப்பாங்க!"

"பேட்டரிடி. குளுர்ல வச்சா உள்ள இருக்கற ரசாயனம் சரியாகுமாம்."

"யாரு சொன்னா?"

"ஒரு வீடியோவுல."

"அவன் டிக்கெட் வாங்குனானா?"

குருநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். சசிகலா அந்த மூட்டையை எடுத்துப் பிரித்துச் சமையல்கட்டு ஜன்னல் திண்டில் போட்டார். பகல் முழுக்க அது வெயிலில் கிடந்தது. சாயங்காலம் வந்தவர் பேட்டரியின் பித்தளைப் பற்களை அழிரப்பரால் தேய்த்தார். மாட்டி, நிரம்ப ஏற்றி, காலியாகும்வரை ஓட்டி, மறுபடியும் ஏற்றினார். லேப்டாப் ஒயர் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடியது. குழந்தையைப் போலக் குதித்தார்.

மாத்திரையும் தின்று தாயத்தும் கட்டிக்கொண்ட நோயாளி, காய்ச்சல் விட்டதும் தாயத்துக்கு நன்றி சொல்வதை மேடைமேடையாகக் கிண்டல் செய்தவர் அவர். பல்லைத் தேய்த்ததால் ஓடியதா, ஏற்றி இறக்கியதால் ஓடியதா என்று ஒரு கேள்வி தன் வீட்டுச் சமையல்கட்டில் எழவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நிகழ்ச்சி ரஞ்சன்குடிக்கு அருகில் ஒரு குடியிருப்பில். லேப்டாப்பை உயர்த்திக் காட்டினார். "செத்துப் போன பேட்டரிங்க இது. ஒரு ராத்திரி ஐஸ்பொட்டியில வச்சேன். இப்ப பாருங்க. இது அற்புதமில்ல, அறிவியல்!" கூட்டம் கைதட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த முத்தமிழ் என்ற பெண் எழுந்து, "கம்பெனிப் பரீட்ச எழுதணும். ஒரு ராத்திரி போதுங்களா சார்?" என்று கேட்டாள். "போதும்மா" என்றார். ஜன்னல் வெயிலில் கிடந்தது அவர் நினைவுக்கு வரவில்லை.

முத்தமிழ் கல்லூரி முடித்தவள். அவளிடமும் பள்ளியில் வாங்கிய லேப்டாப்தான், பேட்டரியும் அதே நிலைதான். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வை அவரவர் கணினியிலேயே எழுத வேண்டும். அவள் வீட்டிலோ செல்போன் சிக்னல் கிடையாது. ரஞ்சன்குடிக் கோட்டை மதிலோரம் ஏறி உட்கார்ந்தால்தான் கிடைக்கும், அங்கே ஒயர் சொருக இடம் கிடையாது. ஆளெடுக்கும் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. ஆக, அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரி.

அவள் அம்மா மருதாயி களையெடுப்புக்குப் போகிறவர். சில நாள் கழித்து பஸ்ஸில் ஏறினார். கட்டணமில்லா டிக்கெட்டை நீட்டியபடி குருநாதன் உற்சாகமாகக் கேட்டார்.

"என்ன மருதாயி, பாப்பா பரீட்ச எழுதிருச்சா?"

"எங்கங்க எழுதுச்சு? நீங்க சொன்னாப்லயேதான் செஞ்சுச்சு. எங்க வூட்டுல ஏது ஐஸ்பொட்டி? ரோட்டுக்கடையில ஐஸ்கிரீம் விக்கிற பொட்டியில கெஞ்சிக் கூத்தாடி வச்சுது. காலையில எடுத்து மாட்டி, சார்ஜ் ஏத்திக்கிட்டு ஓடுச்சு. பாதிப் பரீட்சயில புஸ்ஸுன்னு அணஞ்சிருச்சாம். உள்ள தண்ணி கோத்துக்கிச்சாம், பேட்டரி உப்பிப் போயி, மிசினும் போச்சு. மறுக்கா எழுத வுடமாட்டாங்களாம்."

குருநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டு மருதாயியே ஆறுதல் சொன்னார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அவ தலையெழுத்து அப்பிடி."

பஸ்ஸே குருநாதனின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. பின்சீட்டில் ஒருவர் சிரிப்பதற்குத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். எந்தப் பக்கம் எழுதியிருக்கு, யாரு கையெழுத்து என்ற வார்த்தைகள் குருநாதனின் தொண்டைவரை வந்தன. யார் கையெழுத்து என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விசிலை வாயில் வைத்து ஒருமுறை ஊதினார். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை.

"யாருண்ணே எறங்குறது?" என்றார் டிரைவர்.

"ரைட், ரைட்" என்றார் குருநாதன், வெளியே பார்த்துக்கொண்டு.

அந்த வாரம் முழுவதும் ரஞ்சன்குடி நிறுத்தத்தில் பின்வாசலில் ஆள் ஏறினால் இவர் முன்வாசலில் நின்றார். முன்வாசலில் ஏறினால் பின்னால் போனார். இரண்டு பேர் தலையெழுத்து என்று சொன்னார்கள். கேட்காதவர்போல டிக்கெட் கொடுத்தார். வீட்டில் அவருடைய லேப்டாப்பும் பழையபடி சில நிமிடங்களிலேயே கறுக்கத் தொடங்கியிருந்தது.

சோறு இறங்கவில்லை. சசிகலா துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்.

"அந்தப் புள்ளயப் போயிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"சாமியாருங்களும் அப்பிடித்தான். பலிக்கலன்னா அந்தத் தெருப் பக்கம் போகமாட்டாங்க." ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கோட்டை மதிலோரம் ஏறினார். முத்தமிழ் ஒரு கல்லில் உட்கார்ந்து செல்போனில் வேறொரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். இந்தக் கல்லுல உக்காருங்க, அதுல வெயிலு." அவள் குரலில் கோபம் இல்லாதது அவரை இன்னும் குறுக வைத்தது.

"காய வைக்கணும்மா. என் வூட்டுல பகல் பூரா காஞ்சுச்சு. அதச் சொல்லாம வுட்டுட்டேன்."

"காய வச்சிருந்தாலும் பிரயோசனமில்ல சார். தேடிப் பாத்தேன். இந்த வகை பேட்டரிக்கு ஐஸ்ல வக்கிறதே ஆகாதாம். அது ரொம்பப் பழைய வகைக்குச் சொன்னதாம். அதத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்களாம்."

"எப்பம்மா தேடுன?"

"எல்லாம் போனதுக்கப்புறந்தான்." செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "வேற யாரு சொல்லியிருந்தாலும் முன்னாடியே தேடியிருப்பேன் சார். ஆதாரம் கேக்கணும்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதான். உங்களயே கேக்கணும்னு தோணல."

பள்ளத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. விபூதி கொடுத்தவனை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்களை எத்தனை மேடையில் அவர் ஏசியிருக்கிறார். விபூதி கொடுத்தவனும் நல்லதுக்குத்தான் கொடுத்தேன் என்றுதானே சொல்லியிருப்பான்.

"அந்த உப்புன பேட்டரிய என்னா பண்ணுன?"

"கொல்லையில கெடக்கு. அம்மா தொடவே பயப்படுது."

"என்கிட்டக் குடும்மா. உன்னய வச்சுக்கிட்டே ஒரு நிகழ்ச்சி போடணும், உங்க தெருவுலயே."

மறுபடியும் அதே குடியிருப்பு, அதே மடக்கு மேசை. எலுமிச்சம்பழம், விபூதி, கற்பூரம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ராகு காலமா என்று யாரோ கேட்டதற்கு, "பாக்கல" என்றார். கடைசியாக, மணல் நிரப்பிய ஒரு பழைய தகர டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். மணலுக்குள் வயிறு உப்பிய கறுப்புப் பேட்டரி.

"அது எந்தச் சாமியாரு வேலைங்க?" என்று மருதாயிக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெண் கேட்டாள். மருதாயி அவள் தொடையில் கிள்ளினார்.

"இத ஐஸ்ல வச்சா உசுரு வந்துரும்னு ஒருத்தன் சொன்னான்" என்றார் குருநாதன். "ஆதாரம் கேக்காம அத நம்புனவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. முத்தமிழ் தலையைக் குனிந்து மண்ணில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

குருநாதன் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். வேட்டியை ஒதுக்கி, கூட்டத்தோடு கூட்டமாக, ஆளில்லாத மேசையைப் பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்தார். பிறகு வலது கையைத் தூக்கினார்.