ஆறாவது வளையம்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டிய சின்ன அறையில் பல்செட் செய்கிறவள். பெற்றோர் வைத்த பெயரை ஆஸ்பத்திரி மறந்து வெகு காலமாகிவிட்டது. நாள் முழுக்க மெழுகை உருக்குவாள், முன்பின் தெரியாதவர்களின் ஈறு அச்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது புருவத்தில் வெள்ளையாக பிளாஸ்டர் தூள் ஒட்டியிருக்கும்.

அங்கே முன்பு இருந்த டாக்டரம்மா வீட்டைக் காலி செய்தபோது, "வேணுங்கிறதை எடுத்துக்கோங்க, மிச்சத்தைக் குப்பையில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நர்சுகள் திரைச்சீலையை எடுத்தார்கள், வாட்ச்மேன் மின்விசிறியைக் கழற்றினார். கடைசியில் பல்லக்கா கைக்கு வந்தது ஒரு குட்டிச் சாடி. வெளியே வெள்ளி முலாம், உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம். மூடியின் ஓரத்தில் மட்டும் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. உடைசல் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அது கிடந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு சுண்டுவிரல் நீளக் கரண்டி கிடைத்தது. சாடிக்குள் போட்டு மூடினாள். கரண்டியின் காம்பு அந்த வெட்டு வழியாக வெளியே வந்து ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டது. அரைத்த கடுகை மேஜையில் வைக்கிற சாடி அது. மூடியும் மூடியிருக்க வேண்டும், கரண்டியும் கைக்கு எட்ட வேண்டும் என்று யாரோ ஒருவர் மெனக்கெட்டு யோசித்திருக்கிறார். அந்த நினைப்பு அவளை விடவே இல்லை.

அதோடு பிடித்தது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய சாமான் சந்தை. மூன்று கால் வைத்த உப்புக் கிண்ணம், ஆந்தை உருவத்தில் மிளகுச் சாடி, படகு மாதிரி மூக்கு நீண்ட குழம்புக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி எடுக்கிற இடுக்கி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. முதலில் ஷோகேஸ் நிரம்பியது, பிறகு துணி அலமாரியில் ஒரு தட்டு போனது.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் குத்தலாகத்தான் வரும்.

"மகனும் வேலைக்குன்னு போயிட்டான். வீட்டுல இருக்கிறதே ரெண்டு நாக்கு. இத்தனை உப்புக் கிண்ணம் எதுக்கு?"

"நீங்க பீரோ மேல மூணு ரேடியோ வச்சிருக்கீங்களே, உங்களுக்கு எத்தனை காது?"

"அதுல ஒண்ணாவது பாடுதுல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அவள் சேர்த்த எதுவும் மேஜைக்கு வந்ததில்லை. அவர் தினமும் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வது வாய் கோணிப்போன ஒரு பிளாஸ்டிக் உப்பு டப்பா.

இந்த நிலையில்தான் அந்த ஸ்டாண்டு கிடைத்தது. எண்ணெய், வினிகர், மிளகு, கடுகு என்று எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்கி மேஜையில் வைக்கிற தாங்கி. நடுவில் கைப்பிடி, சுற்றிலும் ஆறு வளையங்கள். ஐந்தில் கண்ணாடி பாட்டில்கள் உட்கார்ந்திருந்தன, உடம்பெல்லாம் இலை இலையாக வெட்டுவேலை. ஆறாவது வளையம் காலி. சிரிக்கிற வாயில் முன்பல் விழுந்த மாதிரி இருந்தது. பொக்கை வாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற கையா அவளுடையது?

பல்செட்டுக்குப் போடுகிற பொருளிலேயே ஒரு பாட்டில் செய்து பார்த்தாள். மெழுகில் இலைகளைச் செதுக்கி, அச்செடுத்து, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றினாள். வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கண்ணாடிக்கு நடுவே அது மட்டும் கலங்கிய கஞ்சித் தண்ணி மாதிரி மங்கலாக நின்றது. கணவர் குனிந்து பார்த்தார்.

"ஏன்டி, பாட்டிலுக்கும் பல்லு கட்டிட்டியா?"

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அசல் ஆறாவது பாட்டில் எங்கே இருக்கிறது என்று சந்தையில் கடை போடுகிற ஒருவர்தான் சொன்னார். "நம்ம வினிகர் சார் வீட்டுல பார்த்த ஞாபகம்." வினிகர் சார் என்பவர் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிப்பதால் சந்தைக்காரர்கள் வைத்த பெயர் அது. மனைவி இல்லை. மாடி வீட்டில் பழைய மேஜைச் சாமான்களோடு தனியாக இருந்தார்.

பல்லக்கா போய்ப் பார்த்தாள். கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுக்குப் பின்னால், அதே இலை வெட்டுவேலையோடு ஒற்றை பாட்டில் நின்றிருந்தது.

"சார், அதை எனக்குக் குடுத்துடுங்களேன். ஸ்டாண்டு என்கிட்டதான் இருக்கு."

"அப்போ ஸ்டாண்டை நீங்க எனக்குக் குடுத்துடுங்களேன்."

"என்கிட்ட அஞ்சு பாட்டில் இருக்கு சார். உங்ககிட்ட ஒண்ணுதானே?"

"ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கிறவனுக்குத்தாம்மா விட மனசு வராது."

"சரி, ஒரு நிமிஷம் கையில குடுங்க. அளவு மட்டும் எடுத்துக்கறேன்."

அவர் முகம் இன்னும் சுளித்தது. "அளவெடுத்துட்டுப் போய் உங்க பல்லு பட்டறையில ஒண்ணு செஞ்சுக்குவீங்க. நான் என்ன விவரம் தெரியாதவனா?"

ஏற்கெனவே செய்து தோற்றதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள். ஆனாலும் விடவில்லை. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். பதிலுக்கு அவரும் கேட்டார். வருஷங்கள் ஓடின. அவள் கண்ணுக்குக் கண்ணாடி வந்தது, அவர் கைக்குத் தடி வந்தது. பேச்சு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

இதற்கு நடுவே ஒரு நாள் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் சாப்பிட வந்தார்கள். இன்றைக்காவது எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிடுவது என்று பல்லக்கா தீர்மானித்தாள். முந்தின நாளே எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். உப்புக் கிண்ணத்தில் உப்பு, ஆந்தைக்குள் மிளகுத்தூள், ஐந்து பாட்டில்களிலும் ஏதோ ஒன்று. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அரை நிமிஷம்தான்.

"உப்பு எங்கே?" என்றார் நாத்தனார்.

"அந்த மூணு கால் கிண்ணம், அண்ணி."

"ஐயையோ, அதுலதானே மீன் முள்ளைப் போட்டேன்!"

நாத்தனாரின் வீட்டுக்காரர் சூப்புக்கு மிளகு வேண்டுமென்று ஆந்தையைக் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கினார். ஆந்தையின் தலை கழன்று, அதில் இருந்த மிளகு மொத்தமும் கிண்ணத்தில் கொட்டியது. அவர் தும்மத் தொடங்கினார். தும்மும்போது கை பட்டு எண்ணெய் பாட்டில் சாய்ந்தது. கணவர் எழுந்து சமையலறைக்குப் போய், அந்தக் கோணல் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எல்லாருக்கும் உயிர் வந்தது.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடத்தான் பயமா இருக்கு" என்றார் நாத்தனார், கிளம்பும்போது. கிண்டல் இல்லை, மனசில் பட்டதைச் சொன்னார். அதுதான் பல்லக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வினிகர் சாரே போன் செய்தார்.

"மகன்கிட்ட போறேம்மா. அவன் வீட்டுல இதுக்கெல்லாம் இடமில்லையாம். பாட்டிலை நீங்களே வச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. ஸ்டாண்டை இங்க எடுத்துட்டு வாங்க. ஆறும் சேர்ந்து நிக்கிறதை நான் ஒரு தடவை பார்க்கணும்."

பல்லக்கா அன்று அரை நாள் லீவு போட்டாள். பாட்டில்களைத் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, ஸ்டாண்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வினிகர் சார் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். வீடெங்கும் அட்டைப்பெட்டிகள். மேஜையை மட்டும் துடைத்து வைத்திருந்தார். ஐந்து பாட்டில்களையும் அவள் வளையங்களில் வைத்தாள். அவர் அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் ஆறாவதை எடுத்துவந்து காலி வளையத்தில் இறக்கினார்.

இறங்கவில்லை. பாதியில் நின்றது.

திருப்பி வைத்தார். அப்போதும் நின்றது. நூலளவு பருமன் அதிகம். வெட்டுவேலை ஒன்றுதான், இலை ஒன்றுதான், ஆனால் வேறு ஏதோ ஸ்டாண்டுக்குப் பிறந்த பாட்டில் அது.

"அன்னைக்கே அளவெடுக்க விட்டிருந்தா..." என்றாள் பல்லக்கா.

"பாட்டில் சரியாத்தான் இருக்கு. உங்க ஸ்டாண்டுதான் நெளிஞ்சிருக்கு."

"நெளியலை சார். விடுங்க, அழுத்தாதீங்க."

"கொஞ்சம் அழுத்தினா போயிடும்."

"சார், வேணாம்!"

அவர் அழுத்தினார். படக்கென்று ஒரு சத்தம். பற்றவைத்த இடம் விட்டு, வளையம் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பாட்டிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். "பழைய பற்றவைப்பு, எப்படியும் விட்டிருக்கும்" என்றார் அவர்.  பல்லக்கா தன் ஐந்தையும் சுற்றி, ஸ்டாண்டோடு எடுத்துக்கொண்டு, அந்த பாட்டிலைத் தொடக்கூடப் பிடிக்காமல் கிளம்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தாள். கணவர் ஏதாவது சொல்வார் என்று தயாராக இருந்தாள். அவர் தொங்குகிற வளையத்தை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு பண்ணினது?"

சொன்னாள். அவர் போனை எடுத்தார். "ஹலோ, சாரா? எங்க வீட்டுப் பொருளை உடைச்சு அனுப்பியிருக்கீங்களே, நியாயமா இது? அவ சொல்லச் சொல்லக் கேட்காம அழுத்தினீங்களாமே? வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன்..." என்று ஆரம்பித்தவர், அதற்கப்புறம் எந்த மரியாதையும் கொடுக்காமல் வெகுநேரம் கத்தினார். பிள்ளைகள் வேனுக்குள் சண்டை போட்டால்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. பல்லக்கா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 'எங்க வீட்டுப் பொருள்' என்று அவர் வாயிலிருந்து வந்ததை அவளால் நம்ப முடியவில்லை. போனை வைத்துவிட்டு, "அந்த ஆளு ஒழுங்கா பேசத் தெரியாதவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனார்.

அடுத்த வாரம் வேலை நேரம் முடிந்ததும் அவள் வளையத்தைத் தானே பற்றவைத்தாள். நல்லபடியாக ஒட்டியது. ஆனால் பிளந்த இடத்தில் இணைப்பு சரியாகச் சேராமல் வளையம் கொஞ்சம் அகண்டுவிட்டது. ஊசி நுனி அளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பொறி தட்டியது. இப்போது அந்த பாட்டில் இறங்குமே!

வீறாப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு வினிகர் சாருக்கு போன் செய்தாள். எடுத்தது மகன். அப்பா தூங்குகிறார், சாமான்களையெல்லாம் சந்தைக்காரரிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டோம் என்றான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கணவர் அவளை வேனிலேயே சந்தைக்குக் கூட்டிப்போனார்.

"இலை போட்ட பாட்டிலா?" சந்தைக்காரர் தலையைச் சொறிந்தார். "போன வாரமே போயிடுச்சேக்கா. ஒரு பொண்ணு, தண்ணி ஊத்தி கொடி வளர்க்கணும்னு கேட்டுச்சு."

"யாரு அந்தப் பொண்ணு? எந்த வீடு?"

"வர்றவங்க போறவங்களையெல்லாம் நான் எங்கே போய்த் தேடறது? சார் குடுத்த அன்னைக்கே நீங்க எடுத்திருக்கலாம்ல?"

பல்லக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தைக்காரர் மேலா, வினிகர் சார் மேலா, கைக்கு வந்ததை விட்டுவிட்டு வந்த தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. விறுவிறுவென்று வேனுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

கணவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவினார்.

"ரெண்டு பேருக்கு அஞ்சு பாட்டில் போதாதா?" என்றார், மெதுவாக.

"வாயை மூடிட்டு ஓட்டுங்க" என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்கு அல்ல, அந்தப் பக்கத்துத் தெருக்கள் வழியாக. ஒவ்வொரு தெருவிலும் வேகத்தைக் குறைத்து, ஜன்னல்களையும் பால்கனிகளையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எந்த ஜன்னலிலும் அது இல்லை.