மூடியைத் தளர்த்தியவர்

எங்கள் மாட்டுக் கொட்டிலில் ஒரு பிளாஸ்க் தொங்குகிறது. மூடி அரைத் திருகலில் நிற்கிறது. கழுவி மாட்டியவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். மண்டூரில் வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். இளவயதில் அவரைப் பிடித்துக்கொண்டு போய், சன்னல் இல்லாத அறையில் நெடுநாள் பூட்டி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்பி வந்த பிறகு அவர் படுத்த வீட்டில் கதவு சாத்தியதில்லை. மழைக்கும் இல்லை.

அவர் கரடியனாற்றில் எங்களோடு வந்து நின்ற அறுவடை நேரம், எங்கள் சிவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வயல் வட்டைக்குள் இறங்கி, குவித்திருந்த நெல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டது. பிறகு இரைமீட்கவில்லை. படுத்துவிட்டது. எங்களுக்குப் பால் தந்தது அது ஒன்றுதான். மாட்டு டொக்டர் வந்தார்; இளம் பிள்ளை. மருந்து ஊற்றி வயிற்றுப் புளிப்பை அடக்கினார். அப்படியும் அது வைக்கோலை முகரவில்லை. குழாய் விட்டு எடுத்த வயிற்றுத் தண்ணீரில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை.

“வைக்கலைக் கரைக்கிறது மாடு இல்ல அண்ணே. வயித்துக்குள்ள இருக்கிற சின்னச் சீவன்கள். புளிப்பில எல்லாம் செத்திட்டு. வேற மாட்டுட வயித்தில இருந்து உயிரோட கொண்டு வரணும்.”

மச்சான் பிளாஸ்க்கோடு ஏறாவூர் இறைச்சிக் கடைக்குப் போனார். அறுத்த மாட்டின் வயிற்றுத் தண்ணீரைச் சூடு ஆறமுன் பிழிந்து கொண்டு வந்தார். “இறைச்சிய விட்டுட்டுக் குடல் தண்ணிக்கு அலையிறீங்களேண்டு கடைக்கார நானா சிரிக்கிறார்” என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. மூடி தளர்ந்திருந்தது. பாதி சிந்தியிருந்தது. துளியில் அசைவில்லை.

“ஆர் இதைத் திறந்த?”

“நான்தான். உயிரெண்டு சொன்னீங்களே பிள்ள. உயிர் இறால் கொண்டு போறெண்டா மூடுவமா? மூச்சு முட்டாதா?”

டொக்டர் ஏசவில்லை. அவற்றுக்குக் காற்றுத்தான் நஞ்சு என்றார். அவற்றின் முன்னோர் காற்றில் பிழைத்தவைதானாம். காற்றில்லாத இடத்துக்குக் குடிபோன பிறகு, மூச்சுக்கென்று இருந்த உறுப்பு தலைமுறை தலைமுறையாக மாறி வேறு வேலை எடுத்துக்கொண்டதாம். காற்றில்லாமலே தீனியிலிருந்து பலம் எடுக்குமாம்; வாயுவை வெளியே விடுமாம்.

மச்சான் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அடைபட்டுக் கிடந்து பழக எவ்வளவு காலம் எடுத்திருக்கும் பிள்ள?”

“கணக்கில்லாத காலம்.”

“அதுதான். எனக்குப் பழகக் காலம் காணல்ல.”

மறுபடியும் கடைக்குப் போனார். வாய்வரை நிரப்பி, மூடியை இறுக்கி, பிளாஸ்க்கைச் சாரத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தார். சூட்டுக்காக என்றார். இருக்கலாம். இந்த முறை துளிக்குள் மயிர் முளைத்த அரிசிமணிகள் போலச் சீவன்கள் நீந்தின. மச்சான் குனிந்து பார்த்தார், நெடுநேரம் எழும்பவில்லை. பசுவுக்குப் பருக்கினோம். விடியப் போய்ப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டிருந்தது.

அதன் கன்றுகள் இப்போது பால் தருகின்றன. மச்சான் இல்லை. நெஞ்சு நோவு. பெட்டி மூடிக்கு ஆணி அடிக்க வந்தபோது “கொஞ்சம் பொறுங்க” என்றேன். பிறகு அடித்தார்கள்.

பிளாஸ்க்கில் யாரும் தேத்தண்ணீர் ஊற்றுவதில்லை. மூடியை நான் இறுக்கவில்லை.