தலையில் அரைத்த மிளகாய்

எங்கள் அம்மா பேசுவதை அப்படியே எடுத்துக்கொண்டால், வலங்கைமான் வட்டாரத்தில் முழு உடம்போடு ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். யாருக்காவது மூக்கு அறுபட்டிருக்கும், யாருக்காவது காது குத்தியிருப்பார்கள், மிச்சப் பேருக்கு முதுகில் குத்து விழுந்திருக்கும். மளிகைக்கடைக்காரர் அம்மாவின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று கேட்ட அன்று, அம்மா தூங்கும்போது கிட்டே போய் மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்தான் வந்தது. பெரியவர்களுக்கு வலிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்த மறு வருஷம் இந்தப் பேச்சே எங்களுக்குப் பெரிய கவலையாக வந்து நின்றது. நாங்கள் பயிர் செய்த நிலம் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். தாத்தா காலத்திலிருந்தே வாய்வார்த்தைக் குத்தகைதான்; ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புது ஆட்சி சட்டம் கொண்டுவந்ததும் மிராசுதாரின் ஏஜெண்டு முந்திக்கொண்டார். நிலம் பண்ணையின் சொந்தச் சாகுபடி, இவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் வந்த கூலியாட்கள் என்று மனுப் போட்டுவிட்டார். எங்கள் பெயர் ஏறாவிட்டால், அடுத்த முறை ஆற்றில் தண்ணீர் வரும்போது நாங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்று அறிவித்தார்கள். பெரியப்பா கட்சிக்காரர். அவர் துண்டு போட்டால் கட்சிக் கரை தெரியும்படிதான் போடுவார். பேசினால் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார். வரப்போகிற அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“வயித்துல அடிச்சாங்கன்னு நீ பாட்டுக்குச் சொல்லி வச்சா, அந்த மனுஷன் நம்ம பக்கத்துப் பேச்சு புரியாம போலீஸ் கேசுன்னு நெனச்சுப்பாரும்மா” என்றார்.

அதனால் அவரே ஒரு பேச்சுத் தயாரித்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘மருத நிலத்து மங்கை நான், மண்ணை நம்பி மனம் நொந்தேன்’ என்று அது தொடங்கும். இந்த வயதில் மங்கையா என்று அம்மா சிரித்தாளே தவிர மனப்பாடம் செய்துகொண்டாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அம்மாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பழைய பேச்சு தலைகாட்டினால் இடுப்பில் கிள்ள வேண்டும். அம்மாவைக் கிள்ளுவதற்கு வீட்டுப் பெரியவர் உத்தரவு கொடுத்தால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியிருந்தது. ஏஜெண்டு முதலில் பேசினார். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த தமிழ். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவருடைய வேட்டியைப் போலவே அதிலும் ஒரு மடிப்புக் கலையவில்லை.

அம்மா எழுந்தாள். மருத நிலத்து மங்கை வரவே இல்லை.

“அவரு கண்ண மூடினதும் எங்க வயித்துல அடிக்கப் பாக்குறாங்கய்யா. உங்க காதுலயும் பூ சுத்துறாங்க.”

நான் கிள்ளினேன். மறுபடி கிள்ளினேன். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று வந்தால் ஒரு கை எப்படிப் போதும்? பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டவர், துண்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

சொன்னதை எழுதிக்கொண்ட குமாஸ்தா, கைநாட்டு வாங்கும் முன் வழக்கப்படி அதைப் படித்துக் காட்டினார். ‘எனது கணவர் காலமான பின்னர் எதிர்தரப்பினர் எனது ஜீவனத்துக்கு ஊறு விளைவித்து, தங்களிடமும் உண்மைக்கு மாறான தகவல்களைச் சமர்ப்பித்துள்ளனர்.’

“இது யாரு பேசுனது?” என்று அம்மா கேட்டாள். “நான் பேசுனத எழுதுனாத்தான் கைநாட்டு வைப்பேன்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்தம்மா சொன்னபடியே எழுதுங்க. இனிமே யாரு பேசினாலும் பேசினபடியே எழுதுங்க” என்றார்.

அம்மா ஏஜெண்டின் பக்கம் திரும்பினாள். “வரப்புல கொடை புடிச்சிக்கிட்டு நின்னவரு. சேத்துல கால் வச்சதில்ல. இன்னிக்கி நான்தான் சாகுபடி பண்ணினேன்னு மார் தட்டுறாரு. ஊரே கைகொட்டிச் சிரிக்குது.”

ஊர் நிஜமாகவே சிரித்தது. ஏஜெண்டு துள்ளி எழுந்தார்.

“யாரப் பாத்து சிரிக்கிறீங்க? சார், இவ புருஷன் காலத்துலேர்ந்து, களத்துல நெல்லு அளக்குறப்பல்லாம் எங்க தலையில மிளகா அரைச்ச குடும்பம் சார் இது. பதரும் ஈரமுமா கலந்து பண்ணைக்கு அளந்துட்டுப் போவான். ஒரு போகமாவது ஒழுங்கா அளந்திருப்பானா, கேளுங்க.”

அம்மா வாயே திறக்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி, கிள்ளக் காத்திருந்த என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட்டத்தில் எவருக்கோ உறைத்து, அது பக்கத்து ஆளுக்குப் பரவி, பள்ளிக்கூடமே ஆவென்று ஆர்ப்பரித்தது. எங்கள் பக்கத்துக் களங்களில் கூலியாளுக்குப் பண்ணைதான் நெல் அளந்து கொடுக்கும். பண்ணைக்கு நெல் அளப்பவன் குத்தகைக்காரன். ஒழுங்காக அளந்தானோ இல்லையோ, அப்பா அளந்தார் என்பதை ஏஜெண்டு தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

“கூலிக்காரர் எதுக்கு உங்களுக்கு நெல் அளந்தார்?” என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

“சார், அது பேச்சுவாக்குல...”

“எழுதியாச்சுங்க” என்றார் குமாஸ்தா. மிளகாய் உள்பட எழுதியிருந்தார்.

எங்கள் பெயர் ஏறியது. அன்று நாங்கள் வீட்டுக்கு நடந்து போகவில்லை. ஊர் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. பெரியப்பா, தன் பயிற்சி வீண்போகவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவின் இடுப்பு மட்டும் கன்றிச் சிவந்திருந்தது.

முக்கியமான நேரத்தில் ஏன் பேசாமல் நின்றாய் என்று வாய்க்கால் கரையில் அம்மாவைக் கேட்டேன்.

“தண்ணி அதுவா மடை தாண்டி வர்றப்ப யாராச்சும் மண்ண வெட்டிப் போட்டு மறிப்பாங்களா?” என்றாள்.

எந்த மடை என்று எனக்கு விளங்கவில்லை. என் கிள்ளுதான் கடைசியில் அவள் வாயை அடைத்தது, வழக்கை ஜெயித்துக் கொடுத்தவள் நான்தான் என்று பள்ளிக்கூடத் தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன். ஊரையே சிரிக்க வைத்தவளின் கை, என் கையைப் பிடித்திருந்த அந்த நேரத்தில் ஏன் அப்படி வலிக்க வலிக்க இறுக்கியது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.