மிளகாய் வாசனையுள்ள சிவப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் நாடகம் போட நினைக்கிறவன் முதலில் கதை எழுத மாட்டான். சிகாபுதீனின் கடைக்குப் போவான். எந்த நிறத்தில் எத்தனை உடுப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான், யார் ராஜா, யார் பிச்சைக்காரன், மூன்றாம் அங்கத்தில் யார் சாகவேண்டும் என்று முடிவு கட்டுவான். 1958-ல் நிலைமை அப்படித்தான் இருந்தது. நிறம் என்றால் சிகாபுதீன். சிகாபுதீன் என்றால் நிறம்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. சிகாபுதீனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சும்மா சொல்லவில்லை. பழுத்த மிளகாயும் பழுக்காத மிளகாயும் அவன் கண்ணுக்கு அண்ணன் தம்பி. வெற்றிலைக்கும் வெற்றிலை போட்ட வாய்க்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இது வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கடையை மூடிவிட்டு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான்.

அவன் உடுப்புக்காரன் ஆனதே பெருமழையால்தான். பத்தொன்பது வயதில் பஜார் ரோட்டில் ஒரு மசாலா கிட்டங்கிக்குக் காவல் இருந்தான். வெளியூர் நாடகக் கம்பெனி ஒன்று மழையில் கலைந்துபோய், ஏழு டிரங்குப் பெட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போயிற்று. திரும்பி வரவேயில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த சிகாபுதீன் ஒருநாள் பெட்டிகளைத் திறந்தான். சரிகைத் தலைப்பாகை ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். அதற்குமேல் அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை; கிட்டங்கி மூலையிலேயே உடுப்புக் கடை போட்டுவிட்டான்.

முதல் வாடகை அக்கரையில் வைப்பின் தீவுக்குப் போயிற்று. அம்மா வேஷத்துக்குச் சிவப்புச் சேலை கேட்டார்கள். இவன் ரொம்பத் தைரியமாகப் பச்சைச் சேலையைக் கொடுத்தனுப்பினான். பின்னால் காட்டுத் திரை, அதுவும் பச்சை. அன்று சாயங்காலம் வைப்பின்காரர்கள் கண்டது ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் அந்தரத்தில் நின்று, "மகனே, என்னை விட்டுப் போகாதே!" என்று அழுவதை. குழந்தைகள் அலறின. மகன் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் சிகாபுதீன் மூக்கை நம்ப ஆரம்பித்தான். சிவப்புத் துணிகளை வத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தான். பச்சை, ஏலக்காய்ப் பெட்டிக்குள். மஞ்சளும் நீலமும் அவனுக்குத் தெரியும். ஆனால் இரண்டு நிறத்துக்கு மட்டும் வாசனை வைத்தால் சந்தேகம் வருமே! அதனால் மஞ்சளை மஞ்சள் மூட்டையோடும், நீலத்தைச் சுக்கோடும், கறுப்பை மிளகோடும் வைத்தான். யாராவது உடுப்புக் கேட்டால், துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பான். பார்க்கிறவர்கள், "நிறத்தைத் தியானம் பண்ணுகிறான்" என்றார்கள்.

அவன் உடுப்பைப் போட்ட கதாநாயகிகள் எல்லோரும் காதல் காட்சியில் தும்மினார்கள். காதல் காட்சிக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் மிளகாய். நாலைந்து வருஷத்தில், நாயகி தும்மினால் அவளுக்குக் காதல் வந்துவிட்டது என்று ஜனங்களே புரிந்துகொண்டு கைதட்டப் பழகிவிட்டார்கள்.

கண்தான் மோசமே தவிர, சிகாபுதீனின் மூளை மோசமில்லை. கலா சமிதி செயலாளர் விஸ்வேஸ்வரனுக்கு அவன் சொன்னதைக் கேட்டால் தெரியும். விஸ்வேஸ்வரன் பாலக்காட்டுப் பக்கத்து ஐயர்; பகலில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா; மற்ற நேரமெல்லாம் நாடகம்.

"ஓய், வசனமே போறாதா? நெறத்துக்கு எதுக்கு இத்தனை பாடு?" என்று கேட்டார் அவர்.

"சாமி, உங்க வசனம் எத்தனை வரிசைக்குக் கேக்கும்?"

"நல்லாப் பேசினா பத்து வரிசை."

"மைதானத்துல நாப்பது வரிசை ஒக்காந்திருக்கு. கடல்காத்து வேற. பதினோராவது வரிசைலேர்ந்து எல்லாரும் செவிடு. அவங்களுக்குக் காது எட்டாது, கண்ணு எட்டும். நாயகி மொத சீன்ல பச்சைல வரட்டும். காய். இன்னும் ஒண்ணும் தெரியாத பொண்ணு. புருஷனுக்கு வேலை போனதும் பின்னாடி இருக்கற மஞ்சத் தெரையை எடுத்துட்டுச் சாம்பல் தெரையைப் போடுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கவேண்டாம், அடுப்பு எரியலைன்னு நாப்பதாவது வரிசைக்காரனுக்குத் தெரிஞ்சுபோகும். கடைசி சீன்ல அவ சிவப்புல வரணும். பழம். மனசு பழுத்தாச்சு."

"கதகளியில பச்சைன்னா உத்தமனாச்சே, ஓய்?"

"அது கோயில்ல, சாமி. இது சந்தையில. சந்தையில பச்சைன்னா காய்."

விஸ்வேஸ்வரன் இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் இந்தப் பேச்சு நடந்தது தையல்கார அலாவுதீன் வீட்டு வாசலில். உடுப்பெல்லாம் தைக்கிறவர் அவர். மணி, சரிகை, பூவேலை எல்லாம் அவர் மகள் ஜுமைலா.

ஜுமைலாவை சிகாபுதீன் முழுசாகப் பார்த்தது கிடையாது. வாசல் திரைக்கு அடியில் இரண்டு பாதம், ஓரத்தில் ஒரு கை, நடுவில் ஒரு குரல். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே இரண்டு வருஷமாகச் சோறு இறங்காமல் திரிந்தான். அவள் தைத்து அனுப்பும் புது உடுப்புகளில் ஒரு அதிசயம் உண்டு. கிட்டங்கியிலிருந்து போன துணி, தைத்துத் திரும்பி வந்த பிறகும் வாசனை போகாது. சிவப்பு ரவிக்கையை உதறினால் ஒரு வத்தல் மிளகாய் விழும். பச்சைப் பாவாடையில் ஒரு ஏலக்காய். "நம்ம கிட்டங்கிச் சரக்கு அப்படி" என்று அவன் பெருமைப்பட்டுக்கொள்வான்.

ஒரு திங்கட்கிழமை, துணிக்கட்டை வாங்கிக்கொண்டே ஜுமைலா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை பாலக்காட்டுலேர்ந்து ஆள் வருதாம். அத்தா பிரியாணிக்குச் சொல்லியாச்சு."

"யாருக்கு?"

"பிரியாணி எல்லாருக்கும். ஆளு எனக்கு."

சிகாபுதீன் திரைக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றான். இப்போது பேசாவிட்டால் இனிப் பேசவே வேண்டாம். ஆனால் உள்ளே தையல் மெஷினில் அலாவுதீன். ஏழு வருஷமாக ஊருக்கே நிறம் சொல்லிப் பழகிய நாக்கு, முதலாளியைக் கேட்காமல் தானாக ஓடிற்று.

"நீ வாயால ஒண்ணும் சொல்லவேண்டாம். அடுத்த கட்டுல ஒரு கைக்குட்டை வை. என்னைக் கெட்டச் சம்மதம்னா சிவப்பு. வேண்டாம்னா பச்சை. சிவப்பு வந்தா வெள்ளிக்கு முந்தி எங்க மாமாவைப் பேச அனுப்பறேன். பச்சைன்னா இந்த வாசல் பக்கமே வரமாட்டேன்."

திரையோரத்துக் கை துணிக்கட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாத்ததும் புரிஞ்சுக்கிடுவீங்களா?"

"பின்னே? நெறம்தானே நம்ம தொழில்!"

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. படகுத்துறை வரைக்கும் மிதந்துகொண்டே போனான் சிகாபுதீன். அங்கேதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நடுரோட்டில் நின்று தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை கட்டு வந்தது. மேலாகவே கைக்குட்டை. ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஏதோ பூவேலை. சிகாபுதீன் முகர்ந்தான். சோப்பு வாசனை. உதறினான். ஒன்றும் விழவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தான், நிழலில் வைத்துப் பார்த்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். சிவப்பாகவும் இருந்தது, பச்சையாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

பச்சையை வைத்துக்கொண்டு மாமாவை அனுப்பினால் மானம் போகும். சிவப்பை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஜுமைலா பாலக்காட்டுக்குப் போவாள். "இது என்ன நெறம்?" என்று நிறக்காரன் யாரைப்போய்க் கேட்பான்?

சாயாக்கடை அவுசேப்பு சேட்டனிடம் நைசாகப் போனான். "சேட்டா, இந்தத் துணி எப்படி? உனக்கு என்ன தோணுது?"

அவுசேப்பு கைக்குட்டையைப் பார்த்தான். ஓரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சாயா ஆற்றுகிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எடா மோனே! இது நினக்குத்தான்! நினக்கு மாத்திரம்தான்!"

"என்ன சேட்டா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லடா. நீ சாயா குடி. ஓசி."

அவுசேப்பு ஓசிச் சாயா கொடுத்ததாக மட்டாஞ்சேரி சரித்திரத்தில் கிடையாது. செத்துப்போகிறவனுக்குத்தான் இப்படி இரக்கம் காட்டுவார்கள். அப்படியானால் பச்சை.

ஆனால் சிரித்தானே! அப்படியானால் சிவப்பு.

கடைசியில் பஜாரில் திரிகிற ஆடு ஒன்றைப் பிடித்தான். ஆடு பச்சையைத்தானே தின்னும்? யாரும் பார்க்காத சந்தில் கைக்குட்டையை அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினான். ஆடு யோசிக்கவேயில்லை, ஒரு மூலையைக் கடித்து மென்றது. பச்சைதான் என்று சிகாபுதீன் தலையில் கையை வைத்தான். அடுத்தபடி அதே ஆடு சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீஸைக் கிழித்துத் தின்றது. பிறகு அவன் சட்டை முனையைத் தின்ன வந்தது. அவனுடைய சட்டை வெள்ளை.

வியாழக்கிழமை மத்தியானம், சமிதியின் கொட்டகையில் ஒத்திகை. விஸ்வேஸ்வரன் கேட்டிருந்த உடுப்புகளைக் கொண்டுபோனான் சிகாபுதீன். ஜன்னலெல்லாம் சாக்கால் அடைத்து இருட்டாக்கியிருந்தார்கள். கடைசி முயற்சியாக அவரிடம் கைக்குட்டையை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாக்குத் துவாரத்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு கைக்குட்டையைப் பார்த்தார்.

"சிவ சிவா! ஏழு வருஷமா எங்களையெல்லாம் என்ன பாடு படுத்தியிருக்கீர், ஓய்!"

"என்ன சாமி? நெறம் சரியில்லையா?"

"நெறமா? உமக்குத் தெரியாத நெறமா?" மனுஷன் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடிவிட்டார். அங்கிருந்து கத்தினார்: "கடைசி சீன் லைட்டைப் போடுங்கோடா!"

சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய விளக்கு எரிந்தது. மேடை அந்த வெளிச்சத்தில் முழுகிற்று; ஓரத்தில் நின்ற சிகாபுதீனும்தான். அவன் குனிந்து கையைப் பார்த்தான்.

கைக்குட்டை பளிச்சென்று வெளுத்திருந்தது. அதன் ஓரத்தில், இத்தனை நேரம் இல்லாத கறுப்பு எறும்புகள் வரிசையாக நின்றன. எறும்பு இல்லை. எழுத்து. சிவப்புத் துணியில் பச்சை நூலால் தைத்த எழுத்து. ஊரில் கண்ணுள்ள எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுத்துப்போனதால் இப்போது அவனுக்கும் தெரிந்தது. ஜுமைலாவுக்கு மதரஸாவை விட்டால் மலையாளப் பள்ளிக்கூடம்தான். மலையாள எழுத்தில் வீட்டுத் தமிழைத் தைத்திருந்தாள்.

"நெறம் தெரியாத ஆளே, வாயால கேளுங்க."

ஊருக்கே தெரிந்துபோயிற்று! அவுசேப்புக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும், ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒரு நிமிஷம் சிகாபுதீனுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அடுத்த நிமிஷம் வேறொன்று உறைத்தது. துணி சிவப்பு, நூல் பச்சை; இரண்டையும் சேர்த்தே வைத்துவிட்டாள், இதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பதில் இன்னும் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஓடினான். ராஜா உடுப்பெல்லாம் கொட்டகையில் கிடக்க, வெயிலில், கைக்குட்டையைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு ஓடினான். சாயாக்கடையிலிருந்து அவுசேப்பு, "ஓடு மோனே! ஓடு!" என்று கரண்டியால் தாளம் போட்டான்.

வாசல் திரைக்கு அடியில் இரண்டு பாதம் தயாராக நின்றன.

"எப்ப தெரியும் உனக்கு?" மூச்சு வாங்கிற்று அவனுக்கு.

"ரெண்டு வருஷமா. ராணி ரவிக்கைக்குச் செவப்பு நூல்னு சொல்லிப் பச்சை நூலைக் குடுத்தீங்க. சும்மா இருக்கட்டும்னு அதையே தெச்சேன். கைல வாங்கிப் பாத்துட்டு, 'என்ன பொருத்தம்!'னீங்க."

"பின்னே ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லிட்டு? அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டுலயும் மொளகாயும் ஏலக்காயும் சொருகி அனுப்புனேனே, அது தானா விழுந்துச்சுன்னா நெனச்சீங்க?"

சிகாபுதீன் கைக்குட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கிட்டங்கிச் சரக்கின் பெருமை எல்லாம் அந்த வாசற்படியில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் ஏனோ வருத்தமாக இல்லை. யாரோ முதுகில் இருந்த மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"கைக்குட்டைல மூலை எங்க?" என்றது திரை.

"ஆடு தின்னுருச்சு."

"ஆடு எதுக்கு அதைத் தின்னுது?"

"நான்தான்... காட்டுனேன். பச்சையா இருந்தா தின்னும்னு..."

இந்தத் தடவை அது இருமல் இல்லை. திரை முழுக்கக் குலுங்கியது. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, தலைப்பாகை இல்லாமல், வசனம் இல்லாமல், சிகாபுதீன் கேட்டான்.

"ஜுமைலா. எனக்கு நெறம் தெரியாது. சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. என்னைக் கெட்டிக்கிடறியா?"

உள்ளே தையல் மெஷின் நின்றது.

"தம்பி," என்றது அலாவுதீனின் குரல், உள்ளேயிருந்து. "பாலக்காட்டுக்காரங்களுக்கு நான் தந்தி அடிக்கணுமா, வேண்டாமா? ஒரு வழியாச் சொல்லுங்க ரெண்டு பேரும். பிரியாணிக்கு அரிசி அளக்கணும்."

திரையின் ஓரம் விலகியது. ஒரு கை வெளியே வந்தது. விரல் நுனியில் ஏதோ இருந்தது. காம்புள்ள, சுருங்கிய, என்ன நிறமென்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று. சிகாபுதீன் அதை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தான்.

பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி தும்மினான். உள்ளே தையல் மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.