ராமுத்தாயும் போர்மேனின் லைட் பெல்ட்டும்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் பட்டாசுக் கம்பெனி. பெண்கள் மட்டும் எண்பது பேர். அத்தனை பேர் தலையிலும் தினமும் காலையில் கைவிட்டுத் துழாவியவள் ராமுத்தாய்.

கேட்டில் சோதனை போடுவது அவள் வேலை. கொண்டை ஊசி, சேப்டி பின், கொலுசு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கித் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும், பேட்டரி சாமானிலும் பொறி உண்டு. ஒரு பொறி போதும் எங்கள் அத்தனை பேர் கதையும் முடிய. எல்லாக் கம்பெனியிலும் உள்ள சட்டம்தான் இது. மற்ற இடத்தில் சும்மா தடவிவிட்டு அனுப்புவார்கள். இவள் பின்னலையே அவிழ்க்கச் சொல்வாள். இடது கையில் கடைசி மூன்று விரலும் தீயில் வெந்து ஒட்டிப்போனவை. அந்தக் கையாலேயே துழாவுவாள்.

எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சலாக வரும். நான் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். மருந்து கலக்கும் அறை எங்கேயோ இருக்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன். என் தலையில் ஊசி இருந்தால் யாருக்கு என்ன வந்தது? ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எந்தங்கச்சி தலையில ஊசி இருந்துச்சுன்னு எழுதுனாகள்ல, அதுக்குத்தான்" என்றாள். அன்று மத்தியானமே என் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டில் அவளோடு போய் உட்கார்ந்தேன்.

அந்த விபத்து எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடந்ததை மட்டும் அவள் வாயால்தான் கேட்டேன். 2003 ஆவணி. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். மருந்து அறையில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி ராமுத்தாயின் தங்கை செல்வலட்சுமி, பத்தொன்பது வயது. தொட்டியில் ஒட்டிய மருந்தை வழித்தெடுக்கப் பித்தளைத் தகடு கொடுப்பார்கள். அன்றைக்கு அது உடைந்துவிட்டது. போர்மேன் சீனிவாசகம் வேறு தகடு வரும்வரை பொறுக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக் கொடுத்து, "இத வச்சு வழிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று பிள்ளைகள் அங்கேயே போய்விட்டார்கள். அடுத்த அறையில் வெடி சுற்றிக்கொண்டிருந்த ராமுத்தாய் ஓடிவந்து தங்கையை இழுத்துப் போட்டதில் கை வெந்தது. செல்வலட்சுமி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தாள். இறப்பதற்கு முன்னால் தகட்டின் கதையை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விசாரணையில் சீனிவாசகம் என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? செல்வலட்சுமி தலையில் கொண்டை ஊசி இருந்தது, அது மருந்தில் விழுந்து உரசியது என்று. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறாள்? அன்று காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டவள் ராமுத்தாய். ரிப்பன்தான் கட்டியிருந்தாள். அதைச் சொன்னாள், தகட்டையும் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செத்துப்போன மற்ற மூன்று பிள்ளைகளின் வீட்டாரும் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதில் மூத்த மகளைப் பறிகொடுத்த சோலையம்மாள், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் ராமுத்தாய் குடும்பத்தின் பெயரைச் சொல்லி, அது விளங்காமல் போகட்டும் என்று காசு வெட்டிப் போட்டுவிட்டும் வந்தாள். ஒருத்தியின் சிங்காரத்துக்காக மூன்று உயிர் போச்சு என்று ஊரே பேசியது. செல்வலட்சுமியின் போட்டோவை வீட்டில் மாட்டக்கூட அவர்கள் அம்மாவுக்குப் பயம்.

"நீயும் போயி அந்தாளு பேரச் சொல்லிக் காசு வெட்டிப் போட வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"ஆத்தாளுக்கு ஆயிரம் சோலி. இத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

முதலாளி இராமகிருஷ்ணன், வெடி சுற்ற முடியாத கைக்கு என்ன வேலை வேண்டும் என்று கேட்டபோது கேட் வேலையைக் கேட்டு வாங்கினாள். அவள் கணக்கு லேசானது. என்றைக்காவது ஒருநாள் சீனிவாசகம் கொண்டுபோகக் கூடாத சாமானோடு அந்த கேட்டில் வருவார். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நிறுத்தி, தங்கை பெயரைக் கழுவ வேண்டும். ஆண்களைச் சோதிப்பது வாட்ச்மேன் மாரிக்கண்ணன். அவர் போர்மேனுக்கு சலாம் போட்டு விட்டுவிடுவார். ஆனால் கண்ணால் சோதிக்க யார் அனுமதி வேண்டும்? ஆறு வருஷம் பார்த்தாள். அந்த மனுஷனிடம் பீடி இல்லை, செல்போனை ஸ்கூட்டரிலேயே வைத்துவிட்டு வருவார். அந்த விஷயத்தில் மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம்.

2009-இல் சாத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் என்று யாரோ சொல்ல, நானும் அவளும் போனோம். கோட்டு மாட்டிய ஒருவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். மருந்தில்லை, ஊசியில்லை, வெளிச்சத்தாலேயே வைத்தியமாம். அகலமான கறுப்பு பெல்ட், உள்பக்கம் முழுக்கப் புளியங்கொட்டை அளவில் சிவப்பு லைட்டுகள். இடுப்பிலோ முட்டியிலோ கட்டிக்கொண்டால் வெளிச்சம் தோல் வழியாக உள்ளே போய் நரம்பைத் தொட்டு எழுப்பும் என்றார். ராமுத்தாயை மேடைக்குக் கூப்பிட்டு வெந்த கையில் சுற்றிவிட்டார். கையே உள்ளுக்குள் கனிந்ததுபோல் சிவந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு. இதுக்குள்ள பேட்டரியா?"

"ஆமாம்மா! கட்டிக்கிட்டே வேலைக்குப் போகலாம். அரை மணிக்கு ஒரு தடவை தானா அணைஞ்சிரும். திரும்ப இந்தப் பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான்."

அவள் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். கை குணமாகிவிடும் என்ற சந்தோஷம் என்று நினைத்தேன். நான் ஒரு மக்கு.

சீனிவாசகத்துக்கு இடுப்பு வலி என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைத்தாச்சி மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மறுநாள் அவர் காதில் விழும்படி ராமுத்தாய் என்னிடம் பெல்ட்டின் பெருமையை அளந்தாள். அவர் நின்று கேட்டார்.

"என்னத்தா அது?"

"அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது அண்ணாச்சி. பெரிய பெரிய ஆளுகதான் வாங்குறாக."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாத்தூர் போய் வாங்கிவிட்டார். வேலைக்காரி சொன்னால் எதையும் நம்பாதவர், கோட்டு போட்டவன் சொன்னால் எதையும் நம்புவார்.

ஒரு மாதம் வீட்டில்தான் கட்டினார். புரட்டாசி வந்தது. சீசன் உச்சம். விடிந்தது முதல் பொழுது அடையும்வரை நின்றே வேலை. வலி பொறுக்காமல் ஒருநாள் கட்டிக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? வெள்ளைச் சட்டைக்குள் சிவப்பு தெரியாமலா போகும்? ராமுத்தாய் கேட்டை விட்டு நகராமல் காத்திருந்தாள். டீயைக்கூட என்னைத்தான் கொண்டுவரச் சொல்வாள்.

அன்று வானம் மூடிக் கிடந்தது. சீனிவாசகத்தை கேட்டில் காணோம். லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பத்து மணி வாக்கில் நான் டீ கொண்டுபோய் நின்றபோது, மருந்து அறையில் வேலை பார்க்கும் வேல்விழி தண்ணீர்க் குடத்தோடு கேட்டுப் பக்கத்துக் குழாய்க்கு வந்தாள். சோலையம்மாளின் இளைய மகள் அவள். அம்மாவுக்குத் தெரியாமல் எங்களிடம் இரண்டு வார்த்தை பேசுவாள்.

"அக்கா, போர்மேன் அண்ணாச்சி மின்மினிப் பூச்சிய முளுங்கிட்டாரு போல. வயித்துல செகப்பா மின்னுது!" என்று சிரித்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவர் மருந்து ஏற்றி வந்த வேனில் பின்வழியாக உள்ளே போயிருக்கிறார்.

ராமுத்தாயின் முகத்தில் ரத்தமே இல்லை. பழிவாங்க விரித்த வலைக்குள் வேல்விழியும் இன்னும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். மருந்து கலந்து விரித்துக் கிடக்கும். பெல்ட் அணைந்ததும் அவர் பொத்தானை அமுக்குவார். அதில் ஒரு பொறி பறந்தால் முடிந்தது.

அங்கே ஓடக் கூடாது. காலடியில் மணல் உரசினாலும் ஆபத்து. கத்தக் கூடாது, பிள்ளைகள் பதறினால் கையில் இருப்பது சிந்தும். ஆறு வருஷமாக, கேட்டுக்கும் மருந்து அறைக்கும் நடுவில் நிற்கும் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே கால் வைக்காதவள், செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தாள். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை மிதித்து, உடம்பில் உள்ள கரண்டை இறக்கிவிட்டு நின்றாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, மொதலாளி கேட்டுல நிக்காக. கையோட கூட்டியாரச் சொன்னாக."

"என்னத்துக்காம்?"

"ஏதோ பெரிய ஆர்டராம். சிரிச்ச முகமாத்தான் இருக்காக. வாங்க."

தங்கையைக் கொன்றவனிடம் அவ்வளவு தேனாகப் பேச என்னால் முடியாது. அவர் அவள் பின்னாலேயே நடந்து வந்தார். வேப்பமரத்தைத் தாண்டினார்கள். பெல்ட் அணைந்திருக்க வேண்டும், அவர் கை இடுப்புக்குப் போனது. வெந்த கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே கேட்டுவரை இழுத்து வந்துவிட்டாள். மற்றக் கையால் சட்டையைத் தூக்கிப் பொத்தானை அவளே அமுக்கினாள். தொப்பையைச் சுற்றி முப்பது நாற்பது சிவப்பு லைட்டு.

"எந்தங்கச்சி தலையில ஒத்த ஊசி இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தீகளே அண்ணாச்சி, ஒங்க இடுப்புல என்ன இருக்கு?"

"இது வைத்தியம்த்தா... வெறும் வெளிச்சம்" என்றார்.

எண்பது பேரும் வெளியே வந்துவிட்டோம். முதலாளி ஓடிவந்து, "உள்ள வாங்க, பேசிக்கிடுவோம்" என்றார்.

"உள்ள பேசித்தான் மொதலாளி ஆறு வருசமாச்சு" என்றாள் ராமுத்தாய். நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். உண்மை வெளியே வரும்வரை மருந்தைத் தொடுவதில்லை. புரட்டாசியில் ஒருநாள் வேலை நின்றால் என்ன ஆகும் என்று முதலாளிக்குத் தெரியும். "சொல்லித் தொலையும்யா" என்று சீனிவாசகத்தின் மேல் விழுந்தார்.

"தகடு... நாந்தான் குடுத்தேன். ஊசியெல்லாம் இல்ல."

"எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரிஞ்ச கததான். எங்கம்மாகிட்டயும் அந்த மூணு வீட்டுலயும் வந்து சொல்லணும். பெல்ட்டக் களத்தப்பிடாது. லைட்டப் போட்டுக்கிட்டே வரணும்."

பொழுது சாயும் நேரத்தில் அந்த ஊர்வலம் போனது. முன்னால் வயிறு மின்னும் போர்மேன், பின்னால் ராமுத்தாய், அவளுக்குப் பின்னால் நாங்கள். அணையும்போதெல்லாம் "அமுக்குங்க" என்பாள். அமுக்குவார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்று திருவிழா பார்த்த மாதிரி இருந்தது. ராமுத்தாயின் அம்மா கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் இருந்த போட்டோவை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். முதல் வீட்டுக்காரர் காறித் துப்பினார். இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.

மூன்றாவது வீடு சோலையம்மாளுடையது. எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். பின்னால் வேல்விழி நின்றாள்.

"இந்தச் சனியன எதுக்குய்யா கட்டிக்கிட்டு எம்மக இருந்த ரூமுக்குள்ள போன?"

சீனிவாசகம் ராமுத்தாயைக் காட்டினார். "இவதான் இடுப்பு வலிக்கு நல்லதுன்னு ஏத்திவிட்டா."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செத்தவள் மேல் பொய் சொன்னவன் பேச்சை அன்று யார் நம்பியிருப்பார்கள்?

"ஆமா. நாந்தான் வாங்க வச்சேன்" என்றாள் ராமுத்தாய். "கேட்டுல மாட்டுவாருன்னு பாத்தேன். பின்வழியா வருவாருன்னு நெனைக்கல. வேல்விழி உள்ள இருந்தா, மயினி. என்னாலதான்."

சோலையம்மாள் வாசல்படியை விட்டு இறங்கினாள். சீனிவாசகத்தின் கன்னத்தில் ஒன்று விட்டாள். பெல்ட் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அடுத்து ராமுத்தாயின் கன்னத்தில் விட்டாள், அதைவிட ஓங்கி. பிறகு அவள் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

"வெட்டிப்போட்ட காச நான் எங்கன போயி ஒட்டுவேன்ட்டி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

சீனிவாசகம் அத்தோடு வேலையை விட்டுவிட்டார். சாத்தூர்ப் பக்கம் கோட்டு மாட்டிக்கொண்டு பெல்ட் விற்கிறார் என்று கேள்வி. ஆள் பொருத்தமாகத்தான் இருப்பார்.

மறுநாள் காலையில் ராமுத்தாய் வழக்கம்போல் கேட்டில் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது. எனக்கு வேணும்தான். ஆனா அவரு வாங்குன சத்தம் இருக்கே, அது இன்னும் காதுல இனிக்கி" என்றாள்.

எனக்கு அடுத்து வேல்விழி நின்றாள். சொல்வதற்கு முன்னால் அவளாகவே பின்னலை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். ராமுத்தாய் அவள் தலையை மட்டும் அன்றைக்கு இரண்டு தரம் துழாவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.