வாசலுக்கு வந்த மாடு

எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலையில் காப்பி குடித்தது என்றால் அதற்குக் காரணம் என் மாமாதான். இது என் கட்சி, யார் மறுத்தாலும் விடமாட்டேன். ஆற்றோரக் கம்பத்தில், பலகை வீடுகளுக்கு நடுவே, எங்கள் மாட்டுக் கொட்டகை. அங்கே கறந்த பாலைத் தூக்குகளில் நிரப்பி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு, அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் மாமா ஊற்றி வருவார். பள்ளி விடுமுறையில் நான் முன்கம்பியில் உட்கார்ந்து மணி அடிப்பேன்.

ஒருநாள் முதல் வீட்டு ஆன்டி, ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரின் மனைவி, பாத்திரத்தை நீட்டவில்லை. "உங்கட பாலில தண்ணி இருக்கு. இனி டின் பால் வாங்கப் போறம்" என்றார். அந்த வீடு நிறுத்தினால் வரிசையே நிறுத்திவிடும். மாமாவின் முகம் செத்துப்போனது. "நாளைக்கு மாட்டையே கொண்டு வரேன் ஆன்டி. உங்க கண்ணு முன்னாலயே கறக்கிறேன் லா, பாருங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாள் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனோம். பஸ்காரர் ஹாரன் அடித்தார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராஜநடை போட்டேன். வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. மாமா மடியைக் கழுவிக் குந்தினார். ஒரு சொட்டு வரவில்லை. கன்றை விட்டுப் பார்த்தார், மாடு காலை உதறியது. சிலர் சிரித்தார்கள். ஆன்டி வெறும் செம்போடு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா குனிந்து என் காதில், "ஓடிப் போயி அத்தையக் கூட்டிட்டு வா" என்றார்.

கொட்டகையிலிருந்து அத்தை ஈரக் கையோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, "என்னடி பிடிவாதம் ஒனக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், செம்பு சர்சர்ரென்று நுரைத்து வழிந்தது. ஆன்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல பால்தான். நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

மாமா இனி மீசையைத் தடவுவார் என்று காத்திருந்தேன். அவரோ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் சைக்கிள் மிதிக்கிறவன் மட்டுந்தான் ஆன்டி. பால் இவங்க கைக்குத்தான் இறங்கும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஜெயித்த இடத்தில் போய் இப்படியா தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. மனிதர் அங்கே பெருமையடித்துக்கொண்டுதான் நின்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.